பதவி சரி, டோக்கன் செத்துப்போச்சு: ஒரு 403 இன் கதை

எங்கள் நெல் கொள்வனவுப் பதிவுச் செயலியில் லொகினையும் அனுமதியையும் பார்ப்பது ஸ்பிரிங் செக்யூரிட்டி 6 என்ற ஜாவா நூலகம். லொகின், பயனர் பதவிகள் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. ஒரு கிழமையைத் தின்றது கடைசியில் வந்த 403, அதாவது ‘அனுமதி மறுப்பு’ என்ற பிழை எண்.

புதுக்குடியிருப்புக் களஞ்சியத்திலிருந்து போன்: “தம்பி, சேவ் பண்ண அனுமதி இல்லையெண்டு வருது.” உடனே பதவியில்தான் சந்தேகம். ‘ஹேஸ்ரோல்’ என்று எழுதினால் ஸ்பிரிங் தானாகவே ‘ரோல்’, அடிக்கோடு என்று முன்னுக்கு ஒட்டித் தேடும். டேட்டாபேஸில் அந்த முன்னொட்டு இல்லாவிட்டால் நிர்வாகிக்கும் கதவு பூட்டுத்தான். பார்த்தால் முன்னொட்டு இருக்கு. பரந்தனில் பஸ் ஏறிப் போய், அங்கேயே புதிதாக லொகின் பண்ணினால் எல்லாம் சேவ் ஆகுது! திரும்பி வந்த மறுநாள் அதே போன்.

செக்யூரிட்டி லொக்கை (பதிவேட்டை) எல்லா விவரமும் எழுதும் டிபக் மட்டத்துக்கு மாற்றிய பிறகுதான் அந்த வரி கண்ணில் பட்டது: செல்லாத சிஎஸ்ஆர்எஃப் டோக்கன். வேறொரு தளம் பயனரின் பேரில் கள்ளமாகக் கோரிக்கை அனுப்பாமல் இருக்க, போர்மோடு சேர்வர் கொடுக்கும் இரகசியக் குறியீடு அது. லொறி வந்ததும் களஞ்சியத்து அக்கா போர்மைத் திறக்கிறா, மூட்டைகளை நிறுத்து முடித்து, சாப்பிட்டுவிட்டு வந்துதான் சேவ் அமத்துறா. லொகினைச் சேர்வர் நினைவில் வைத்திருக்கும் செஷனின் ஆயுளோ, மாற்றாவிட்டால், 30 நிமிடம். டோக்கன் இருப்பது செஷனுக்குள்ளே, அதோடேயே சாகும். டோக்கன் சோதனை அனுமதிச் சோதனைக்கு முன்னமே நடப்பதால், லொகின் பக்கத்துக்குப் போகாமல் நேரே எங்கள் மறுப்புப் பக்கம்.

சிஎஸ்ஆர்எஃப்ஐ நிறுத்தச் சொல்லுவார்கள். நிறுத்தாதேங்கோ. மறுப்பைக் கையாளும் வகுப்பில், வந்த பிழை சிஎஸ்ஆர்எஃப் வகையா என்று பார்த்து, அப்படியென்றால் “நேரம் கடந்துவிட்டது” என்ற செய்தியோடு லொகினுக்கு அனுப்பினால் போதும். முதலில் ஃபோர்வேட் (சேர்வருக்குள்ளேயே கைமாற்றல்) பண்ணி 405, அதாவது ‘இந்த முறை ஏற்கப்படாது’ என்ற பிழை, வாங்கினோம்: கோரிக்கை தரவு அனுப்பும் போஸ்ட்டாகவே போகிறது, எங்கள் பக்கமோ பக்கத்தைக் கேட்டு வாங்கும் கெட்டுக்கு மட்டும். பிரவுசரையே புதிதாகக் கேட்கவைக்கும் ரீடைரக்ட் ஆக்கியதும் சரி. ரைப் பண்ணியதைப் பிரவுசரிலேயே சேமித்து, லொகினுக்குப் பிறகு மீட்கிறோம். சேவ் ஆனதும் அழிக்க மறக்கக்கூடாது, களஞ்சியக் கணினி பலர் கைபடுவது.

இன்னொரு குழி: எல்லாப் பிழையையும் பிடிக்கும் பொதுக் கையாளி இருந்தால், மெதட்டில் வைத்த அனுமதிச் சோதனையின் மறுப்பை அது விழுங்கி 500 (சேர்வர் பிழை) காட்டும். மறுப்புப் பிழையை மட்டும் திரும்ப எறியவேணும்.

சோதிக்க டெஸ்ட் சேர்வரில் செஷனைச் சுருக்கலாம். 10 விநாடி என்று போட்டுவிட்டு ஏன் சாகவில்லை என்று காத்திருக்காதேங்கோ. செயலியை இயக்கும் ஸ்பிரிங் பூட் அதைத் தன் வெப் சேர்வரான டொம்காட்டுக்கு 1 நிமிடமாகத்தான் கொடுக்கும்.