ப்ளூ கார்டு புதுப்பிக்கப் போய்…

எங்கள் வீட்டில் நான், கணவர், மகன் என்று மூன்று பேர். தெற்கு ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் நகரத்தின் வெளிநாட்டவர் அலுவலகத்தில் எங்களுக்கு மூன்று தனித்தனி மேசைகள். காரணம் நம் இனிஷியல். அங்கே கோப்புகளைக் குடும்பப் பெயரின் முதல் எழுத்துப்படி அதிகாரிகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் எனக்கு என் அப்பா பெயர், கணவருக்கு என் மாமனார் பெயர், மகனுக்கு என் கணவர் பெயர். ஆக நான் எஸ், அவர் எம், பையன் பி. ஒரே வாடகை ஒப்பந்தம், ஒரே முகவரிப் பதிவுச் சான்று, ஒரே திருமணச் சான்றிதழ் எல்லாவற்றையும் மூன்று பேருக்கும் தனித்தனியாக அனுப்ப வேண்டியிருந்தது. திருநெல்வேலியில் இனிஷியலோடு வேலை முடிந்துவிடும். இங்கே அதுதான் நம் தலையெழுத்தை எந்த மேசைக்கு அனுப்புவது என்று முடிவு செய்கிறது.

நான் 2022 ஜூலையில் வேலைக்காக வந்தேன். ப்ளூ கார்டு என்பது குறிப்பிட்ட வரம்புக்கு மேல் சம்பளம் வாங்கும் படித்த வெளிநாட்டவருக்கான வேலை, குடியிருப்பு அனுமதி. அதை நான்கு வருடம் வரை தரலாம் என்று சட்டம் சொன்னாலும் பாஸ்போர்ட் காலாவதியாகும் நாளைத் தாண்டித் தரமாட்டார்கள். என் பாஸ்போர்ட் 2024 ஆகஸ்ட்டோடு முடிந்தது, கார்டும் அதே நாளில். வேலை நிரந்தரம், சம்பளம் வரம்புக்கு மேலே, வரி ஒழுங்காகப் போகிறது. சிக்கல் வர இடமே இல்லை என்று தோன்றும். புது பாஸ்போர்ட்டைக்கூட இந்தியத் தூதரகம் வழியாக வசந்த காலத்திலேயே வாங்கி வைத்துவிட்டேன். சரி, பாதி கிணறு தாண்டியாச்சு என்று நினைத்தேன்.

இந்த அலுவலகத்துக்கு ஜெர்மனில் ஆவுஸ்லெண்டர்பெஹோர்டே என்று பெயர். நம் ஆட்கள் யாரும் அவ்வளவு நீளமாகச் சொல்வதில்லை, ஃபாரினர்ஸ் ஆபீஸ்தான். நாடு முழுக்க 500க்கும் மேற்பட்ட அலுவலகங்கள் உண்டு. சட்டம் எல்லோருக்கும் ஒன்று, ஆனால் நடைமுறை ஊருக்கு ஊர் வேறு. பக்கத்து ஊரில் இருக்கும் நண்பர் ஆன்லைனில் படிவம் போட்டு, ஒரே முறை நேரில் வந்து கைரேகை கொடுத்து, கார்டு வாங்கிவிட்டார். அவர் சொன்னதைக் கேட்டு நானும் எங்கள் ஊர்ப் பக்கத்தைத் திறந்தால், "தற்போது டெர்மின் எதுவும் இல்லை" என்றது. டெர்மின் என்றால் அப்பாயின்ட்மென்ட். ஜெர்மனிக்கு வந்த முதல் வாரத்திலேயே எல்லோர் வாயிலும் ஒட்டிக்கொள்ளும் சொல் இது. காலையில் கண் விழித்ததும் பார்த்தாலும், இரவு பன்னிரண்டு மணிக்குப் பார்த்தாலும் அதே வரிதான்.

படிவத்தை ஆன்லைனில் அனுப்பினேன். "நன்றி" என்று ஒரு பக்கம் வந்தது. தேதியும் இல்லை, எண்ணும் இல்லை. மின்னஞ்சல் அனுப்பினால் தானியங்கிப் பதில் வந்தது: அதிக வேலைப்பளு காரணமாகத் தாமதமாகிறது, கோப்பின் நிலை குறித்துக் கேட்டு எழுத வேண்டாம், அப்படிக் கேட்பது மேலும் தாமதத்தை உண்டாக்கும். தொலைபேசி நேரம் வாரத்தில் இரண்டு காலைகள். அந்த இரண்டு காலைகளிலும் எங்கேஜ்டு.

அலுவலகம் பதில் சொல்லாததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வயிற்றில் புளியைக் கரைத்தது எங்கள் கம்பெனி எச்.ஆர். அனுப்பிய மெயில். வெளிநாட்டவரை வேலைக்கு வைத்திருப்பவர், அனுமதி செல்லுபடியாகிறதா என்று பார்த்து அதன் நகலைக் கோப்பில் வைத்திருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். "உங்கள் கார்டு ஆகஸ்ட்டில் முடிகிறது. அதற்குள் புதிய நகல் வராவிட்டால் வேலையிலிருந்து தற்காலிகமாக விடுவிக்க நேரும்" என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். விடுவித்தால் சம்பளம் நிற்கும், சம்பளம் நின்றால் ப்ளூ கார்டுக்கான தகுதியே கேள்விக்கு வரும். இந்தச் சுழலை நினைத்து எத்தனையோ இரவு தூக்கம் போனது.

சட்டம் இதில் நம் பக்கம் இருக்கிறது, ஆனால் அதை யாரும் முன்வந்து சொல்வதில்லை. குடியிருப்புச் சட்டம் 81ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவுப்படி, பழைய அனுமதி முடிவதற்கு முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிட்டால், அலுவலகம் முடிவு சொல்லும்வரை பழைய அனுமதி தொடர்வதாகவே கொள்ள வேண்டும். வேலை செய்யும் உரிமையும் அதோடு சேர்ந்து தொடரும். டெர்மின் கிடைத்த தேதி முக்கியமில்லை, விண்ணப்பித்த தேதிதான் முக்கியம். ஆனால் அந்தத் தேதிக்கு உங்களிடம் அத்தாட்சி இருக்க வேண்டுமே! என்னிடம் இருந்தது தேதியில்லாத ஒரு "நன்றி".

இதற்கு வழி சொன்னது எங்கள் ஊரில் காய்கறிக் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர். எண்பதுகளில் அகதியாக வந்தவர். அப்போதெல்லாம் சில மாதங்களுக்கு ஒருமுறை தற்காலிக அனுமதியைப் புதுப்பிக்க வரிசையில் நிற்பாராம். தஞ்சம் கேட்டவர்கள் அதிகாரிகளின் அனுமதி இல்லாமல் தங்கள் மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது என்ற சட்டம் இருந்த காலம். பக்கத்து மாவட்டத்தில் இருந்த தன் தமக்கையைப் பார்க்கக்கூட எழுதிக் கேட்டுவிட்டுத்தான் போவாராம். முருங்கைக்காய் எடை போட்டுக்கொண்டே என் கதையைக் கேட்டவர், "பிள்ளை, ஈமெயிலை நம்பாதேங்கோ. ஒரு கடுதாசி எழுதிக் கையெழுத்துப் போட்டு ஃபாக்ஸ் அடியுங்கோ. போனதுக்கு மெஷின் ஒரு துண்டு தரும். அந்தத் துண்டை உயிர் போனாலும் விடாதேங்கோ" என்றார்.

2024இல் ஃபாக்ஸா என்று சிரிப்பு வந்தது. ஆனால் ஜெர்மன் அலுவலகங்களில் அது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. நீட்டிப்பு விண்ணப்பத்துக்கு இன்ன படிவம்தான் என்று சட்டத்தில் கட்டாயம் இல்லை. பெயர், பிறந்த தேதி, முகவரி, கார்டு எண், "என் ப்ளூ கார்டை நீட்டிக்க இதன்மூலம் விண்ணப்பிக்கிறேன்" என்று ஒரு வரி, கையெழுத்து, அவ்வளவுதான். எங்கள் கம்பெனி எச்.ஆர். அறையில் இருந்த மெஷினிலேயே அனுப்பினேன். முதல் பக்கத்தின் சிறு படத்தோடு, தேதி, நேரம், "ஓகே" என்று அச்சான அறிக்கை வந்தது. அதே கடிதத்தைப் பதிவுத் தபாலிலும் போட்டேன். கணவருக்கும் மகனுக்கும் தனித்தனிக் கடிதம், மேசைகள் வேறு அல்லவா.

எச்.ஆர். பெண்மணி அறிக்கையைப் புரட்டிப் பார்த்தார். சட்டம் அவருக்கும் தெரிந்திருந்தது. ஆனாலும், "எனக்குப் புரிகிறது, ஆடிட்டர் வந்தால் அவருக்குக் காட்ட அலுவலகம் கொடுத்த ஒரு தாள் வேண்டும்" என்றார். அந்தத் தாளுக்குப் பெயர் ஃபிக்சியோன்ஸ்பெஷைனிகுங். விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது என்பதற்கான இடைக்காலச் சான்று, கட்டணம் 13 யூரோ. கேட்டால் கொடுக்க வேண்டியது அவர்கள் கடமை. ஆனால் கேட்பதற்கும் டெர்மின் வேண்டும்.

கார்டு முடியப்போகும் வாரத்தில், ஃபாக்ஸ் அறிக்கையையும் எச்.ஆர். மெயிலின் அச்சுப் பிரதியையும் எடுத்துக்கொண்டு விடியும் முன்பே வாசலில் போய் நின்றேன். எனக்கு முன்பே நீண்ட வரிசை. சிரியாக்காரர் ஒருவர் ஃபிளாஸ்க்கிலிருந்து எல்லோருக்கும் டீ ஊற்றினார். கதவருகே செக்யூரிட்டி "டெர்மின் இல்லையா, மெயில் அனுப்புங்கள்" என்றே ஒவ்வொருவரையும் திருப்பிக்கொண்டிருந்தார். எனக்கும் அதையே சொன்னார். நான் வாயைத் திறக்காமல் எச்.ஆர். மெயிலில் "வேலையிலிருந்து விடுவிக்க" என்ற வரியைக் காட்டினேன். கொஞ்சம் யோசித்து, அவசர கவுன்டருக்கு விட்டார். வேலை போகும் ஆபத்து, நெருங்கிய உறவினர் மரணம் போன்றவற்றுக்கு எங்கள் ஊரில் அப்படி ஒரு கவுன்டர் இருப்பதே அன்றுதான் தெரிந்தது. எந்த அறிவிப்பிலும் எழுதி வைக்கவில்லை. உள்ளே போனபின் எல்லாம் சடசடவென்று முடிந்தது. பணம் கட்டும் மெஷினில் 13 யூரோ கட்டி ரசீது கொண்டுவந்தால் தாள் கையில். இதற்கா இத்தனை மாதப் பாடு என்று இருந்தது.

அந்தத் தாளை வாங்கியவுடன் மடித்துப் பையில் போட்டுவிடாதீர்கள். உள்ளே மூன்று கட்டங்கள் உண்டு. நீட்டிப்புக்கு விண்ணப்பித்தவர்களுக்கு மூன்றாவது கட்டத்தில், அதாவது 81ஆம் பிரிவு நான்காம் உட்பிரிவு என்று இருக்கும் இடத்தில் குறி இருக்க வேண்டும். அது இருந்தால்தான் வெளிநாடு போய்விட்டுத் திரும்பலாம். மற்ற இரண்டில் குறி இருந்தால் நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்பி வர அந்தத் தாள் உதவாது. கவுன்டரிலேயே சரிபாருங்கள். அவர்களுக்கும் நாளெல்லாம் இதே வேலை, பேனா தவறிப் போகலாம்.

செப்டம்பரில் தம்பி கல்யாணம். போவதா வேண்டாமா என்று வீட்டில் பெரிய பஞ்சாயத்து. மூன்றாவது கட்டத்தை நம்பி நான் மட்டும் கிளம்பினேன். கல்யாணம் நன்றாக நடந்தது. திரும்பும்போது சென்னை விமான நிலையத்தில்தான் கூத்து. செக்-இன் கவுன்டரில் இருந்த பெண், "மேடம், கார்டு எக்ஸ்பயர் ஆயிடுச்சே" என்றார். தாளை நீட்டினேன். முன்னும் பின்னும் திருப்பினார். ஜெர்மனில் அச்சடித்த, மடிப்பு மடிப்பான ஒரு காகிதத்தைப் பார்த்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? சூப்பர்வைசர் வந்தார், போட்டோ எடுத்து யாருக்கோ அனுப்பினார், என்னை ஓரமாக நிற்கச் சொன்னார்கள். எச்.ஆர். எழுதிக் கொடுத்திருந்த ஆங்கிலக் கடிதமும் காலாவதியான பழைய கார்டும் கையில் இருந்ததால் கடைசியில் போர்டிங் பாஸ் அடித்தார்கள். பின்னால் வரிசையில் நின்ற மாமி ஒருவர் "என்னம்மா, ஏதாவது தப்பா?" என்று கேட்டதுதான் எல்லாவற்றையும்விட எரிச்சல். ஃபிராங்ஃபர்ட்டில் எல்லைக் காவலர் தாளைப் பிரித்தார், மூன்றாவது கட்டத்தைப் பார்த்தார், திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒரு கேள்விகூட இல்லை. இந்தத் தாளோடு பயணம் செய்பவர்கள் நேரத்தோடு விமான நிலையம் போங்கள், பழைய கார்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

இதற்கிடையில் மூன்று மேசைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. எம் மேசை கணவருக்கு எழுதியது: உங்கள் அனுமதி மனைவியைச் சார்ந்தது, அவருடைய புதிய கார்டின் நகலை அனுப்புங்கள். பி மேசை: பெற்றோர் இருவரின் புதிய கார்டு நகல்கள் வேண்டும். எஸ் மேசை, அதாவது என் மேசை, மூச்சே விடவில்லை. மூன்று மேசையும் ஒரே மாடியில், ஒரே நடைபாதையில்தான் இருந்தன.

போதிய காரணமில்லாமல் மூன்று மாதம் அலுவலகம் முடிவெடுக்காமல் இருந்தால் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். நிர்வாக நீதிமன்ற நடைமுறைச் சட்டத்தின் 75ஆம் பிரிவு. முதல்கட்ட நீதிமன்றத்தில் வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்றில்லை. நீதிமன்றக் கட்டணம் ஏறத்தாழ 500 யூரோ. வழக்குப் போட்ட பிறகு அவசரமாகக் கார்டு கொடுத்தாலும், விண்ணப்பித்தவர் அதற்கு முன்பே முடிவை எதிர்பார்த்திருக்கலாம் என்றால் செலவு அலுவலகத்தின் தலையில் விழும். நான் ஒரு வழக்கறிஞரிடம் முதல் ஆலோசனைக்குப் போனேன். தனிநபருக்கு அதற்கான உச்சவரம்பு 190 யூரோவும் வரியும். அவர் சிரித்துவிட்டு, "முதலில் 75ஆம் பிரிவைக் குறிப்பிட்டு, இரண்டு வாரக் கெடு வைத்து நீங்களே கடிதம் எழுதுங்கள்" என்றார். எழுதினேன், ஃபாக்ஸில்தான். கெடு முடியும் முன்பே டெர்மின் வந்தது. கடிதத்தால் வந்ததா, தானாக என் முறை வந்ததா, யாருக்குத் தெரியும்.

என் மேசையில் இருந்தவர் முப்பதைத் தாண்டாத பெண். அறை முழுக்க மஞ்சள் கோப்புகள். 2022இலிருந்து ஜெர்மனிக்கு வந்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட உக்ரைன் மக்களின் அனுமதியையும் இதே அலுவலகங்கள்தான் பார்க்கின்றன. ஆள் எண்ணிக்கை மட்டும் அதற்கேற்பக் கூடவில்லை என்று அவரே சொன்னார். தன் பக்கத்து நாற்காலி காலியாகிப் பல மாதம் ஆகிறதாம். நான் திட்டிக்கொண்டிருந்த ஆள் இவரில்லை என்று தோன்றியது. ஆனால் "நிலை கேட்டு எழுத வேண்டாம்" என்ற அந்தத் தானியங்கிப் பதிலில் ஒரு விண்ணப்ப எண்ணையும் தேதியையும் சேர்த்திருந்தால் பாதிப் பேர் கேட்டே எழுதமாட்டார்கள். அதற்கு ஆள் பற்றாக்குறை காரணமில்லை. அதையும் அவரிடம் சொன்னேன். தோளைக் குலுக்கினார்.

கைரேகை வைக்கும்போது திரையைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "ஜூலை 2022இலிருந்து ஓய்வூதியக் காப்பீடு கட்டியிருக்கிறீர்களே, 27 மாதம் ஆகிவிட்டது. நிரந்தரக் குடியிருப்புக்கு ஏன் விண்ணப்பிக்கக்கூடாது?" ப்ளூ கார்டுக்காரர்கள் அடிப்படை ஜெர்மன் அறிவோடு, அதாவது ஏ1 நிலையோடு, 27 மாதத்தில் அதைக் கேட்கலாம், அதற்கு மேற்பட்ட நிலையான பி1 மொழித் தேர்வில் தேறியிருந்தால் 21 மாதத்திலேயே கேட்கலாம். நான் விண்ணப்பித்தபோது 27 நிறையவில்லை, பி1உம் இல்லை. அவர்கள் இழுத்த இழுப்பில் தகுதி தானாக வந்துவிட்டது! ஏ1 சான்றிதழ் ஏற்கெனவே கோப்பில் இருந்தது. ஓய்வூதியக் காப்பீட்டு நிறுவனத்தின் கணக்கு அறிக்கையைக் கொடுத்து, 113 யூரோ கட்டி, விண்ணப்பத்தை அப்படியே மாற்றிக்கொண்டேன். கார்டு பெர்லினில் அச்சாகி வர இன்னும் சில வாரம் ஆனது. அதன் நகல் கிடைத்த பிறகு மற்ற இரண்டு மேசைகளும் அசைந்தன.

கடைசியாக ஒரு விஷயம். நிரந்தரக் குடியிருப்பு என்றாலும் பிளாஸ்டிக் கார்டுக்குக் காலாவதித் தேதி உண்டு, அதுவும் பாஸ்போர்ட்டோடு முடியும். உரிமை போகாது, கார்டு மட்டும் மாற்ற வேண்டும். என்னுடையது 2034இல் முடிகிறது. 2033க்கே காலண்டரில் குறித்து வைத்துவிட்டேன். மகனின் பாஸ்போர்ட் ஐந்து வருடத்துக்குத்தான், அவன் முறை அதற்கு ரொம்ப முன்னாலேயே வந்துவிடும்.