போர்டிகோவில் ஒரு கறுப்பு வட்டம்
பைக்கில் ஆயில் சீல் போய் எண்ணெய் சொட்டி, போர்டிகோ சிமெண்டுத் தரையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை. அவசரப்பட்டு ஒரு பக்கெட் தண்ணீரை ஊற்றினேன், அது வானவில் நிறத்தில் இன்னும் நாலடி பரவியதுதான் மிச்சம். முதலில் மரத்தூளைக் கொட்டி ஒரு ராத்திரி ஊற விட்டிருக்க வேண்டும். அப்புறம் சோப்புத்தூளைக் குழைத்துப் பூசி, அரை மணி நேரம் கழித்துச் சுடுதண்ணீர் விட்டுப் பிரஷ்ஷால் தேய்த்தேன். மூன்று தடவைக்குப் பிறகு லேசான நிழல்தான் இருக்கிறது. ஆசிட் ஊற்றச் சொல்வார்கள், கேட்காதீர்கள், அது சிமெண்டைத்தான் அரிக்கும். டைல்ஸ் என்றால் துடைத்தாலே கறை போய்விடும். வாசலில் பதித்த பேவர் பிளாக் கற்கள் இரண்டில் எண்ணெய் உள்ளே இறங்கிவிட்டது. சரி என்று அந்த இரண்டு கல்லையும் ஸ்க்ரூடிரைவரால் நெம்பி, துளசித் தொட்டிக்கு அடியில் இருந்த கற்களோடு மாற்றிவிட்டேன். அம்மா இன்னும் கவனிக்கவில்லை.