ரோட்சே ஏரியில் படகுப் போட்டி: எங்கே நின்று பார்ப்பது?

சுவிட்சர்லாந்தின் லூசர்ன் நகரை ஒட்டிய ரோட்சே ஏரியில்தான் 1962இல் முதல் உலகத் துடுப்புப் படகுப் போட்டி நடந்தது. பெண்களுக்கான பந்தயங்கள் உலகப் போட்டியில் முதலில் சேர்ந்ததும் இங்கேதான், 1974இல். சூரிச்சிலிருந்து லூசர்னுக்கு ரயிலில் முக்கால் மணி நேரம்தான். அங்கிருந்து எபிகான் நிலையத்துக்கு உள்ளூர் ரயில் உண்டு. இறங்கினால் ஏரி பக்கத்திலேயே.

ஏரியின் நீளம் சுமார் இரண்டரை கிலோமீட்டர், அகலம் 250 மீட்டர் அளவு. 2000 மீட்டர் பந்தயம் கச்சிதமாக அடங்கிவிடும். இரு கரையிலும் மரம் அடர்ந்த மேடுகள் இருப்பதால் குறுக்குக் காற்றின் தொல்லை குறைவு. திறந்த ஏரிகளில் அந்தக் காற்றுதான் பந்தயத்தைக் கெடுக்கும்: ஒரு கரையோரத் தடத்துக்கு மறைவு கிடைக்கும், எதிர்ப்பக்கத் தடங்களில் அலை எழும், வலுவான அணிகூடப் பின்தங்கிவிடும்.

எல்லோரும் முடிவுக்கோட்டுக்கே ஓடுகிறார்கள். ஒரு பந்தயத்துக்காவது 1000 மீட்டருக்கும் 1500க்கும் நடுவே கரையில் நில்லுங்கள். பெரும்பாலும் பந்தயம் திரும்புவது அங்கேதான். தொடக்கத்தில் நிமிடத்துக்கு 45 இழுப்புக்கு மேல் போகும் அணிகள் அங்கே 36, 38 என இறங்கியிருக்கும். 30 விநாடிக்கு எண்ணி இரண்டால் பெருக்கினால் போதும். நீரில் துடுப்பு விட்டுச்செல்லும் சுழிகளையும் பாருங்கள்: இழுப்பு குறையாமலேயே சுழிகளுக்கு நடுவிலுள்ள தூரம் சுருங்கினால், அணி களைத்துவிட்டது. துடுப்பாளர்கள் போகும் திசைக்கு முதுகு காட்டி உட்காருவதால் முன்னால் போகிறவர்களுக்கு எதிராளிகள் கண்முன்னே தெரிவார்கள். பின்தங்கியவர்கள் திரும்பிப் பார்த்தால்தான் உண்டு. முன்னிலைக்கு இவ்வளவு மதிப்பு இருப்பது அதனால்தான்.

களைப்பில் நடக்கும் பெரிய விபத்து, துடுப்பின் தட்டு சாய்வாக நீரில் இறங்குவது. படகின் வேகமே அதை ஆழத்துக்குள் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கைப்பிடி வயிற்றில் மோதும். ஆளையே தூக்கி நீரில் எறிவதும் உண்டு. எட்டுப் பேர் படகில் ஒருவருக்கு இது நேர்ந்தாலும் மற்ற ஏழு பேரின் உழைப்பும் வீண்.

ஆண்களின் எட்டுப் பேர் படகு சுமார் ஐந்தரை நிமிடத்தில் முடித்துவிடும். கரையில் கூடவே நடந்து பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். அதன் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல். பயிற்சியாளர்களே சைக்கிளில்தான் துரத்துகிறார்கள். எட்டு மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் ஒன்று போதும்.

7 முதல் 12 வரையான இடங்களுக்கான பி இறுதியையும் தவறவிடாதீர்கள். ஒலிம்பிக்குக்கு முந்தைய ஆண்டின் உலகப் போட்டியில், பல பிரிவுகளில் அந்தப் போட்டி வழியாகக் கிடைக்கும் ஒலிம்பிக் வாய்ப்பின் கடைசி இடங்கள் பி இறுதியில்தான் முடிவாகும்.