குமுளி பஸ் நேரத்துக்கு ஒரு சின்ன இணையதளம்

குமுளியில் தமிழ்நாட்டு பஸ்ஸை விட்டு இறங்கினால், சோதனைச் சாவடியை நடந்தே தாண்டித்தான் கேரள பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். 1956-இல் மாநிலங்கள் பிரிந்தபோது குமுளியை உள்ளடக்கிய பீர்மேடு வட்டம் கேரளத்தோடு போனது. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஏலத்தோட்டக் கூலிக்கு மலையேறுவது மட்டும் நிற்கவே இல்லை. மூட்டையோடு சாவடியைக் கடந்து ஓடுகிறவர்களைப் பார்த்துத்தான் இந்தத் தளத்தை எழுதினேன். இரண்டு மாநில பஸ் நேரங்களும் ஒரே திரையில், தமிழிலும் மலையாளத்திலும்.

இணையப் பக்கம் எழுதும் அடிப்படை மொழியான வெறும் ஹெச்டிஎம்எல்தான். இணையதளங்களை வைக்க இடம் தரும் கிட்ஹப் பேஜஸில் இலவசமாக இருக்கிறது. மலைப்பாதையில் சிக்னல் ஒற்றைக் கோடாகக் குறைந்தாலும் திறக்க வேண்டுமே என்று படங்களையெல்லாம் எடுத்துவிட்டேன்.

எழுதி முடிக்க ஒரு வாரம். ஆட்களிடம் கொண்டுசேர்க்கத்தான் மாதக்கணக்காகிறது. எந்தச் சொற்களைத் தேடும்போது நம் தளம் கூகுளில் வருகிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் தேடுசொற்களைப் பார்த்தேன். 'பேருந்து கால அட்டவணை' என்று யாரும் தேடவில்லை. 'குமுளி பஸ் டைம்' என்கிறார்கள். சிலருக்கு அது 'குமளி'. தலைப்பையே மாற்றினேன்.

அதைவிடப் பலன் தந்தது கியூஆர் குறியீடு அச்சடித்த ஒரு தாள். "பாய்லர் ஆவி படாத இடமாகப் பார்த்து ஒட்டுங்கள் தம்பி" என்று டீக்கடை அண்ணன் வடைத் தட்டை நகர்த்தி இடம் கொடுத்தார். நேற்று ஒரு அக்கா அதை ஸ்கேன் செய்துவிட்டு, "நெடுங்கண்டம் பஸ் நேரம் தப்பாக இருக்கிறதே" என்றார். அங்கேயே நின்று கைபேசியில் திருத்தினேன்.

கட்டப்பனை, வண்டிப்பெரியாறு நேரங்கள் தெரிந்தவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள். இன்றிரவே சேர்த்துவிடுகிறேன்.