மாதவிடாய்க்கு நடுவே ரத்தக் கசிவா? முதலில் நாளை எண்ணுங்கள்

குழந்தைக்காக முயலும் மாதத்தில் உள்ளாடையில் சின்னப் பழுப்புக் கறை பட்டாலே மனசு பதறும். அது எத்தனையாவது நாள் என்று பாருங்கள். மாதவிடாய் தொடங்கிய நாள்தான் 1.

28 நாள் சுழற்சியில் 14ஆம் நாளையொட்டி வந்தால், கருமுட்டை வெளியாகும்போது ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் சட்டென்று இறங்குவதால் இருக்கலாம். ஓரிரு நாளில் நின்றுவிடும். லேசான கசிவுதான் என்றால் உறவைத் தள்ளிப்போட வேண்டாம், கருத்தரிக்க ஏற்ற நாட்களே அவை.

கருமுட்டை வெளியாகி 6 முதல் 12 நாள் கழித்து வந்தால் கரு கருப்பையில் பதிவதாகவும் இருக்கலாம். ஆனால் கறையின் நிறத்தை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது. அன்றே கர்ப்பப் பரிசோதனை செய்தால் ஹெச்சிஜி என்ற கர்ப்ப ஹார்மோன் போதாமல், கரு தங்கியிருந்தாலும் ஒற்றைக் கோடு காட்டக்கூடும். மாதவிடாய் தள்ளிப்போகும் வரை பொறுத்து, காலையின் முதல் சிறுநீரில் பாருங்கள்.

மாதாமாதம் திரும்பினாலோ, உறவுக்குப் பின் கசிந்தாலோ மருத்துவரைப் பாருங்கள். பாலிப் எனும் சிறு சதை வளர்ச்சி, தொற்று, தைராய்டு என்று காரணங்கள் உண்டு. இரண்டு கோடு வந்தபின் ஒருபக்க அடிவயிற்று வலி, தோள் நுனியில் வலி, தலைசுற்றல் என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். கரு, கருப்பையில் இல்லாமல் கருக்குழாயில் தங்கியிருக்கலாம்.