ஒன்பது மணிக்கு

மே 5
கணினி மறுபடியும் அணைந்தது. 22-ஆம் நிமிடம். நீலத் திரை இல்லை, எச்சரிக்கை இல்லை. விசிறிச் சத்தம் நின்று அறை அமைதியானது. செல்போனில் தம்பியின் செய்தி: "அண்ணா, எங்கே போனாய்?"

மே 6
விண்டோஸின் நிகழ்வுப் பதிவைத் திறந்தேன். கெர்னல் பவர் 41. முறையாக அணைக்காமலே கணினி நின்றுபோயிருக்கிறது என்பதை மட்டும் இந்த எண் சொல்கிறது. ஏன் என்று சொல்லாது. அதையே பார்த்துக்கொண்டு இரவு இரண்டு மணிவரை உட்கார்ந்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் இருக்கும் தம்பியின் ரத்தத்தில், நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களின் எண்ணிக்கை 40 என்றார் அம்மா. 500 வரவேண்டும். தொடர்ந்து மூன்று நாள் வரவேண்டும்.

மே 7
வெப்பநிலையைக் கோப்பில் பதியும் மென்பொருளை நிறுவினேன். சும்மா இருக்கும்போதே 58 டிகிரி. யூரோ டிரக் என்ற லாரி ஓட்டும் விளையாட்டை ஆரம்பித்த நான்காவது நிமிடத்தில் 100. இந்த ஐ5 பிராசசர் 100-ஐத் தொட்டதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். லாரி திணறித் திணறி ஓடுவது அதனால்தான். அப்படியும் சூடு ஏறினால், கருகிவிடாமல் இருக்க ஒரேயடியாக அணைந்துவிடும். நாங்கள் சேர்ந்து லாரி ஓட்டும் கான்வாயை நடத்துவது என் கணினி. அது நின்றால் நெடுஞ்சாலையில் அவன் தனியாகிவிடுகிறான். அந்த அறையில் அவன் தனியாக இருப்பது போதாதா?

மே 8
அக்னி நட்சத்திரம். அறையிலேயே 37 டிகிரி. பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பினேன். 31 நிமிடம் தாங்கியது.

மே 9
40. அவனுக்குக் காய்ச்சல் 101. கணினியைத் தொடவில்லை.

மே 10
தூக்கம் வரவில்லை. காலை ஐந்து மணிக்கே பிரித்துவிட்டேன். வெப்பத் தகடுகளின் இடுக்கில் தூசி பஞ்சாய் அடைந்திருந்தது. இறக்கைகள் சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷால் தட்டி எடுத்தேன். பிறகுதான் அதைப் பார்த்தேன். குளிர்விப்பானின் நான்கு பிளாஸ்டிக் கால்களில் ஒன்று போர்டின் துளைக்குள் முழுதாக இறங்கவே இல்லை. மூன்று கால்களில்தான் இத்தனை நாள் நின்றிருக்கிறது. கழற்றினால், பிராசசரின் சூட்டைக் குளிர்விப்பானுக்குக் கடத்தும் பேஸ்ட் ஒரு மூலையில் நசுங்காமல், உரிந்த சுண்ணாம்பு போலக் காய்ந்து கிடந்தது.

அந்தப் பிளாஸ்டிக் காலை அழுத்தியது தம்பி. தாழ்வாரத்தில் இருவரும் உட்கார்ந்து பூட்டிய நாள். "இன்னும் அழுத்தட்டுமா?" என்று கேட்டான். போதும் என்றது நான்.

ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, துவரம்பருப்பு அளவு புதுப் பேஸ்ட் வைத்தேன். எதிரெதிர் மூலைகளாக அழுத்தினேன். நான்கு முறை 'டக்'. போர்டைத் திருப்பி, நான்கு கால்களின் நுனியும் வெளியே வந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தேன். இரண்டு தடவை.

அவனிடம் இதைச் சொல்லமாட்டேன்.

மே 11
72 டிகிரி! நாற்பது நிமிடமும் 72! ராட்டர்டாமிலிருந்து மியூனிக் போகிறோம், அவன் முன்னால், நான் பின்னால். நாற்பத்தோராம் நிமிடம் அணைந்தது.

மேசையை ஓங்கிக் குத்தினேன். கை வலிக்கிறது.

மே 12
பதிவைக் கடைசி வரி வரை படித்தேன். பிராசசர் 72, கிராபிக்ஸ் அட்டை 74. இரண்டுமே அணைகிற சூடு இல்லை. மீதி இருப்பது பவர் சப்ளை. அதன் விசிறி கீழிருந்து காற்றை இழுப்பது. பெட்டி நிற்பதோ ஜமுக்காளத்தின் மேல். தரையில் கீறல் விழக்கூடாது என்று அம்மா விரித்தது. மூக்கைப் பொத்தி வைத்திருக்கிறோம். அடியில் இருந்த வலையைக் கழற்றிக் கழுவினேன். பவர் சப்ளையைத் திறக்கவில்லை. பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே மின்தேக்கிகளில் மின்சாரம் தங்கியிருக்கும். ஜமுக்காளத்தைச் சுருட்டிவிட்டு இரண்டு செங்கல் மேல் பெட்டியை நிறுத்தினேன்.

110.

மே 13
ஒரு மணி பத்து நிமிடம். அணையவில்லை.

மியூனிக்குக்கு முன்னால் அவன் லாரி ஓரம் கட்டி நின்றது. செய்தி அனுப்பினேன், பதில் இல்லை. தூங்கிவிட்டான் போலிருக்கிறது. நானும் பின்னால் நிறுத்தினேன். அவன் வண்டியின் இண்டிகேட்டர் மட்டும் எரிந்து எரிந்து அணைந்தது. வெகுநேரம் அப்படியே இருந்தோம்.

மே 14
310.

மே 15
ஒன்பது மணிக்கு அவன் வரவில்லை. ஒன்பதே கால். அம்மா போனை எடுக்கவில்லை. 69 டிகிரி. கான்வாயைத் திறந்தே வைத்திருக்கிறேன்.