"விடுடா, நான் இன்னும் ஏறல"

உயிர்த்த ஞாயிறு விடியல் ஆராதனையில் யோவான் 20ஆம் அதிகாரம் வாசிக்கும் முறை இந்த வருடம் எனக்கு வந்தது. இலங்கை மலையகத்து ஹட்டனில் அந்த நேரத்துக்குப் பனி கோயில் வாசல் வரை வந்து நிற்கும். சுவெட்டருக்கு மேல் சால்வையும் போர்த்திக்கொண்டு வாசித்தேன். உயிர்த்தெழுந்த இயேசு மகதலேனா மரியாளிடம் பேசும் 17ஆம் வசனத்தில் வழக்கம்போல நாக்கு தடுக்கியது: "என்னைத் தொடாதே, நான் இன்னும் என் பிதாவினிடத்திற்கு ஏறிப்போகவில்லை."

இந்தத் "தொடாதே" எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வளர்ந்தவர்களுக்கு அந்தச் சொல் யார் வாயிலிருந்து வந்தாலும் குத்தும். அதுவும் அழுதுகொண்டு நிற்கிற மகதலேனா மரியாளிடமா?

இரண்டு வருடமாகச் சனிக்கிழமைகளில் கிரேக்கம் படிக்கிறேன். மூலத்தில் இருப்பது "மே மூ ஹப்டூ". அந்த வினையின் அடிப்படை வடிவம் "ஹப்டோ". அதற்கு இணைத்தல், கொளுத்துதல் என்று பொருள். லூக்கா 8:16இல் விளக்கு கொளுத்துவதும் இதே வினைதான். செயல் செய்கிறவரையே சுற்றி வரும் வடிவத்துக்கு மாறினால் "தொடு", "பிடித்துக்கொள்" என்றாகிவிடும். எனக்கு உடனே நம் "பற்று" நினைவுக்கு வந்தது. அடுப்பைப் பற்றவைக்கிறோம், கையைப் பற்றிக்கொள்கிறோம். அந்தக் "கொள்" செய்கிற வேலையைக் கிரேக்கம் விகுதியிலேயே முடித்துவிடுகிறது. புதிய தமிழ் மொழிபெயர்ப்பான திருவிவிலியம் "பற்றிக்கொள்ளாதே" என்று போட்டிருப்பது அழகு.

அடுத்தது வினையின் காலம். மாற்கு 5இல் பெரும்பாடுள்ள, அதாவது தீராத இரத்தப்போக்குள்ள, பெண் இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்டதும் இதே வினைதான்; ஆனால் அங்கே ஒரு தடவை தொட்டு முடிந்த வடிவம். இங்கே இருப்பது தொடர்ந்து நடப்பதைக் குறிக்கும் ஏவல். அதனால் "பிடித்துக்கொண்டே இருக்காதே" என்று எடுக்கலாம். எடுக்கலாம் என்றுதான் சொல்கிறேன். லூக்கா 10:7இல் "வீட்டுக்குவீடு போகாதிருங்கள்" என்பதும் இதே வகை ஏவல்தான், அங்கே யாரும் இன்னும் புறப்படவே இல்லை. இலக்கணத்தை மட்டும் வைத்து மரியாள் அவரைப் பிடித்திருந்தாள் என்று அடித்துச் சொல்ல முடியாது.

என்னை மாற்றியது வேறொன்று. கிரேக்கத்தில் அந்த வசனத்தின் இரண்டு வாக்கியங்களையும் இணைக்க "கார்" என்று ஒரு சிறு சொல் உண்டு, "ஏனென்றால்" என்று அர்த்தம். நான் வாசித்த பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அது வெறும் காற்புள்ளியாகிவிட்டது. இன்னும் ஏறிப்போகாதது எப்படித் தொடாமல் இருப்பதற்குக் காரணமாகும்?

1998இல் அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் தம்பி அவர் முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். பஸ் புறப்பட இன்னும் நேரம் இருந்தது. அம்மா சொன்னார்: "விடுடா, நான் இன்னும் ஏறல."

இப்போதே இப்படிப் பிடிக்க வேண்டாம், இங்கேதானே நிற்கிறேன் என்று அர்த்தம். தள்ளிவிடுகிற பேச்சே இல்லை. யோவானையும் நான் இப்போது அப்படித்தான் வாசிக்கிறேன்.

ஆராதனை முடிந்து வந்ததும் தோட்டத்துக்குப் போன் போட்டு அம்மாவிடம் இதைச் சொன்னேன்.

"அப்படியா சொன்னேன்? அவன் சீலைய கிழிச்சதுதான் எனக்கு ஞாபகம். புதுச் சீலை."